ஒரு நாளைக்கு அரை டெசிபெல்

கண்டியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எந்த ஸ்பீக்கரும் ஒழுங்காகப் பாடாது, டொக்டர். ஸ்பீக்கரின் கூம்பு கடதாசியால் ஆனது. ஈரக்காற்றில் அது கனத்துப்போகும், மேல்சுருதிகள் மங்கும். அந்த மாதங்களில் எங்கள் கடைக்கு வருகிற பத்துப் பெட்டிகளில் ஆறில் ஒரு பழுதும் இருக்காது. கழற்றித் துடைத்து, எரியும் மின்குமிழுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வைத்துக் கொடுத்தால் போதும். சேதுராமன் முதலாளி இதற்குக் காசு வாங்கமாட்டார். அவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கடந்த வியாழக்கிழமை நீங்கள் அவருடைய காதுகளைச் சோதித்த பிறகு அவருடைய மனைவி வடிவம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். இவர் ஏதாவது ஆலையில் வேலை செய்தாரா என்று. அவர் இல்லை என்றார். திருகோணமலை வீதியில் முப்பது வருடமாக ரேடியோக் கடை வைத்திருக்கிறார் என்றார். நீங்கள் மறுபடியும் அந்த வரைபடத்தைப் பார்த்தீர்கள். நான் கதவோரக் கதிரையில் இருந்தேன். நீங்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி முதலாளிக்குக் காட்டிக்கொண்டிருந்த பெண் நான்தான். உங்களுக்கு முகம் நினைவிருக்காது. பொதுவாக யாருக்கும் நினைவிருப்பதில்லை.

நீங்கள் வரைபடத்தில் எதைப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு காதிலும் ஒரே இடத்தில், விநாடிக்கு நாலாயிரம் அதிர்வுகளுக்குச் சற்று மேல், ஒரே அளவான பள்ளம். எழுபது டெசிபெல். ஆலை இரைச்சலும் கோயில் ஸ்பீக்கரும் இரண்டு காதுகளையும் இவ்வளவு சமமாகக் கெடுப்பதில்லை. மனிதன் தலையைத் திருப்புவான், ஒரு பக்கம் கூடும், மறு பக்கம் குறையும். இந்தச் சமன் உங்களை உறுத்தியது. சரியான இடத்தில் உறுத்தியிருக்கிறது. சரியான கேள்வியைக் கேட்கிறவருக்குப் பதில் கிடைக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். பேசச் சொன்னால் என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பாலாம்பிகை. வீடு பிலிமத்தலாவையில். அப்பா அங்கே ஒரு மொத்த வியாபாரக் கடையில் எழுதுவினைஞர். நான் பேராதனையில் பௌதிகவியல் படித்து எழுபத்தேழில் வெளியேறினேன். மூன்று நேர்முகப் பரீட்சைகளுக்குப் போனேன். மூன்றிலும் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியும். மூன்றிலும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது இடத்தில் இருந்த அதிகாரி ஊமையா என்று அப்பாவிடம் கேட்டார்.

அதன் பிறகு அப்பா என்னைச் சேதுராமன் முதலாளியிடம் கூட்டிப்போனார். முதலாளி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு செத்துப்போன அம்பிளிபயரை மேசையில் தூக்கி வைத்தார்.

"தெறந்து பாரும்மா. நான் சாப்பிட்டுட்டு வந்துடுறேன்."

அவர் திரும்பி வந்தபோது அது பாடிக்கொண்டிருந்தது. கதிரையை இழுத்துப் போட்டுப் பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு வாய் எதுக்கு? நாளைக்கே அனுப்பிடுங்க," என்றார்.

நான் பேசாமலே என்னைப் புரிந்துகொண்ட முதல் மனிதர் அவர். இதைத் துக்கமாக எழுதவில்லை. பிறகு நடந்ததை அளக்க ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். அதற்காக எழுதுகிறேன்.

கண்டியில் அந்த நாட்களில் சேதுராமன் காது என்றால் தெரியாதவர்கள் இல்லை. யாராவது புதுப் பெட்டி வாங்கினால் அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர் கண்ணை மூடிக் கேட்பார். "மேல்சுருதி கொஞ்சம் கூர்மை. வலப்பக்க ஸ்பீக்கர் சோர்ந்திருக்கு," என்பார். கொண்டுவந்தவர் வாயைப் பிளந்து நிற்பார். நான் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நின்றேன். இரண்டு மாதத்தில், அவர் சொல்வது பாதிதான் சரி என்று என் வோல்ட்மீற்றர் சொன்னது. அதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அவர் மேசையில் வைத்தேன். அவர் கோபிக்கவில்லை. அடுத்த முறை ஆள் வருவதற்கு முன்பே, "பிள்ளை, நீ ஒருக்கா பாத்துடு," என்றார்.

அப்படித்தான் அந்த வழக்கம் தொடங்கியது. வாடிக்கையாளர் பெட்டியைக் காலையில் விட்டுப் போவார். நான் அளந்து, முடிவை ஒரு துண்டில் எழுதுவேன். மாலையில் அவர் வந்ததும் முதலாளிக்குத் தேத்தண்ணி கொண்டுபோவேன். துண்டு கோப்பைக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கும். முதலாளி ஒரு மிடறு குடிப்பார், கோப்பையைத் தூக்கும்போது படிப்பார், கண்ணை மூடுவார். பிறகு அவருடைய காது பேசும். அது ஏமாற்று என்று எனக்குத் தோன்றவில்லை. என் எண்களுக்கு ஒரு குரல் கிடைத்தது. எனக்கு இல்லாத குரல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் மாடி அறையில் ஒலிப்பிரியர்கள் ஆறு பேர் கூடுவார்கள். அதில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் வீரசிங்கம் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் இரசாயனம் படிப்பிப்பவர். வால்வு அம்பிளிபயர் தவிர மற்றதெல்லாம் அவருக்குத் தகரம். மற்றவர் அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் ஜுனைதீன் ஹாஜியார். எழுபத்தேழுக்குப் பிறகு யப்பான் பெட்டிகள் வந்து குவிந்தனவே, அதில் முதலாவதை வாங்கியவர் தான்தான் என்று அவர் சொல்வார். ட்ரான்சிஸ்டர் கட்சி.

"மாஸ்டர், ஒங்கட வால்வு சூடாகி முடியிறத்துக்குள்ள நான் பள்ளிக்குப் போய் லுஹர் தொழுதுட்டும் வந்துருவன்."

"போட்டு வாங்கோ ஹாஜியார். வந்து கேட்டாலும் உங்கட யப்பான் பெட்டி தகரத்தில மழை பெய்யிற மாதிரித்தான் இருக்கும்."

"மழ பெஞ்சாத்தானே மாஸ்டர் பயிர் வளரும்."

"பயிர் வளரும். காது வளருமோ?"

ஒன்றரை வருடம் இதே பேச்சு. யாரும் யாரையும் மாற்றவில்லை. எனக்கு அது வேடிக்கையாக இருக்கவில்லை, சங்கடமாக இருந்தது. விடை உள்ள கேள்வியை வைத்துக்கொண்டு படித்தவர்கள் இப்படி விளையாடக் கூடாது. எழுபத்தொன்பது ஒக்டோபரில் முதலாளியிடம் நான்கு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். அறையை இரண்டாகப் பிரித்து ஒரு திரை. திரைக்குப் பின்னால் இரண்டு அம்பிளிபயர்களும் ஒரு சுவிட்சும். முன்னால் ஒரே சோடி ஸ்பீக்கர். எது பாடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாது. எதை முதலில் போடுவது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிப்பது. இரண்டின் சத்த அளவும் வோல்ட்மீற்றரில் சமமாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். அதை யாரும் நினைப்பதில்லை.

முதலாளி அதைக் கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"பிள்ளை, கொழும்பில ஒரு கம்பனி கண்டியில சோதனை நிலையம் ஒண்ணு தொறக்கப்போவுது. யப்பான் சாமான் இறக்குறவங்க. அதுக்குப் பொறுப்பா ஒரு ஆளைத் தேடுறாங்க. இதை நாம செஞ்சு, அறிக்கையா எழுதி நீட்டினா என்ன?"

நான் தலையை ஆட்டினேன்.

"அறிக்கையில ஒன் பேருதான் மொதல்ல வரணும். அதுக்குக் கீழ என் பேரு. சரியா?"

எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், டொக்டர். பதவிகூட இல்லை. கூட்டத்தில் எழுந்து பேச என்னால் முடியாது. ஆனால் ஒரு தாளின் தலைப்பில் என் பெயர் இருந்தால், நான் பேசாமலே அந்தத் தாள் பேசும்.

ஐந்து ஞாயிறுகள் சோதனை நடந்தது. நான் திரைக்குப் பின்னால் சுவிட்சோடு இருந்தேன். சத்த அளவு சமமாக இருந்தபோது முப்பத்தாறு விடைகளில் பத்தொன்பது சரி. நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். கடைசி ஞாயிறு, முதலாளிக்கு மட்டும் சொல்லிவிட்டு, ட்ரான்சிஸ்டர் பெட்டியின் அளவை முக்கால் டெசிபெல் கூட்டினேன். முக்கால் டெசிபெல் என்பது ஒன்றுமில்லை. சத்தம் கூடியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. திரைக்கு அப்பால் மாஸ்டரின் குரல் கேட்டது.

"இதுதான். இதுதான் வால்வு. குரல் எப்பிடித் தெளிவா முன்னுக்கு வருது பாருங்கோ."

ஹாஜியார், "ஓம் மாஸ்டர், இதுல உசிரு ஈக்கிது," என்றார். ஒன்றரை வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் சந்தர்ப்பம். பன்னிரண்டு விடைகளில் பதினொன்று அந்தப் பெட்டிக்கே கிடைத்தன.

நான் அன்று கற்றது இதுதான். சத்தம் கொஞ்சமாகக் கூடும்போது காது அதைச் சத்தம் என்று கேட்பதில்லை. தெளிவு என்று கேட்கிறது. நல்ல காது என்று பெயரெடுத்தவர்கள் இதில் கூடுதலாக ஏமாறுகிறார்கள். தங்கள் காதை நம்பிப் பழகியவர்கள் அவர்கள். கண்டியின் ஒலிப்பிரியர்கள் சண்டை போட்டது வால்வைப் பற்றியும் இல்லை, ட்ரான்சிஸ்டரைப் பற்றியும் இல்லை. சத்தத்தைக் கூட்டும் குமிழ் எந்த இடத்தில் நின்றது என்பதைப் பற்றி.

அறிக்கை பதினொரு பக்கம். பிலிமத்தலாவையில், அப்பாவின் கடைத் தட்டச்சுப் பொறியை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே அடித்தேன்.

எண்பது ஜனவரியில், வாவிக்கரை ஹோட்டல் ஒன்றின் மண்டபத்தில் கூட்டம். கொழும்பிலிருந்து கம்பனிக்காரர்கள் மூன்று பேர், எங்கள் வட்டத்து ஆறு பேர், இன்னும் இருபது பேரளவில். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். நாற்காலிகளில் அறிக்கைப் பிரதிகளை வைக்கச் சொன்னார்கள். வைக்கும்போதுதான் பார்த்தேன். அப்பாவின் பொறியில் ஒரு எழுத்தின் வயிறு எப்போதும் மையால் அடைபட்டிருக்கும். பத்துப் பக்கங்களில் அது அடைபட்டிருந்தது. முதல் பக்கத்தில் மட்டும் சுத்தமாக இருந்தது. முதல் பக்கம் வேறு பொறியில் அடிக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு பெயர்தான் இருந்தது.

முப்பது பிரதிகளையும் நான்தான் நாற்காலிகளில் வைத்து முடித்தேன்.

முதலாளி நன்றாகப் பேசினார். என் வாக்கியங்கள் அவர் வாயில் அழகாக இருந்தன. நீங்கள் வால்வு என்று புகழ்ந்தது ட்ரான்சிஸ்டர் என்று அவர் சொன்னபோது மண்டபம் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். அவர் நேர்மையான மனிதர். எழுந்து நின்று கேட்டார்.

"சேதுராமன், என்னை மடையனாக்கிப்போட்டியள், அது பறுவாயில்லை. ஆனா ஆற்ற யோசினை இது? சத்தத்தைச் சமப்படுத்த வேணும் எண்டு ஆருக்குத் தோன்றினது?"

நான் சுவரோரம் நின்றேன். முதலாளி என்னைப் பார்த்தார். அது எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியும். ஏறத்தாழ இரண்டு விநாடி. பிறகு அவர் விரலால் தன் வலது காதைத் தொட்டார்.

"இது சொல்லிச்சு மாஸ்டர்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஹாஜியார் என்னைக் காட்டி, "அப்ப அந்தப் புள்ள என்ன செய்யிற?" என்று கேட்டார். அவர் அன்பாகத்தான் கேட்டார்.

"பிள்ளையா? நல்ல பிள்ளை. டைப் அடிக்கும். தேத்தண்ணி ஊத்தினா கண்டியிலேயே அப்படி ஒரு தேத்தண்ணி கெடையாது."

மறுபடியும் சிரிப்பு. ஹோட்டல்காரர் ஒருவர், அதைக் கேட்டதாலோ என்னவோ, தேநீர்த் தட்டை என் கையில் தந்துவிட்டார். நான் பரிமாறினேன். முதலாளியின் கோப்பைக்கு அடியில் அன்று எதையும் வைக்கவில்லை.

நீங்கள் நினைப்பது போல நான் அன்று எதையும் தீர்மானிக்கவில்லை. மறுநாள் வழக்கம்போல எட்டரை பஸ்ஸில் வேலைக்குப் போனேன். வடிவம்மா வழக்கம்போல எனக்கும் சேர்த்துச் சோறு கட்டி அனுப்பியிருந்தார். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், "சம்பளத்தைக் கூட்டிடுறேன் பிள்ளை," என்றார். கூட்டினார்.

பெப்ரவரியில் பதவிக் கடிதம் வந்தது. ஒரு நிபந்தனையும் வந்தது. ஜூன் கடைசியில் கொழும்பிலிருந்து நிபுணர்கள் வந்து அவருடைய காதைச் சோதிப்பார்கள். அவர் பயந்துவிட்டார். அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, தன் காதை அளந்து பார்க்கும்படி என்னிடம் கேட்டார். அளந்தேன். அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. விநாடிக்கு ஒன்பதாயிரம் அதிர்வுகளுக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அந்த வயதில் அது சாதாரணம். மற்றபடி நல்ல காது. அதை ஒளிக்காமல் சொன்னேன்.

"இதைப் பழக்க முடியாதா பிள்ளை? பாட்டுக்காரங்க தொண்டையைப் பழக்குறாங்க. பயில்வான் கையைப் பழக்குறான். காதுக்கு ஒண்ணும் இல்லையா?"

இந்தத் தவறை அவர்தான் செய்தார். ஒலியை நேசிக்கிறவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். காதைத் தசை என்று நினைக்கிறார்கள். அது தசை இல்லை. உள்ளே மயிர்போல மெல்லிய உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. போனால் போனதுதான், புதிதாக முளைப்பதில்லை. உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான், "செய்து பார்க்கலாம், முதலாளி," என்றேன்.

அது பொய் இல்லை. செய்து பார்க்கலாம் என்பது உண்மைதானே.

ஒரு வாரம் எடுத்தேன். மூவாயிரம் அதிர்வுகளைச் சுற்றி ஒரு குறுகிய பட்டையில் இரைச்சலைப் பதிந்து, அதற்கு மேல் மெல்லிதாக வீணை இசை சேர்த்து, நாற்பத்தைந்து நிமிடக் கசெட் ஒன்று செய்தேன். மூவாயிரத்தில் கொடுத்தால் சேதம் அதற்கு அரை ஸ்தாயி மேலே, நாலாயிரத்துக்குக் கிட்ட வரும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. உங்கள் வரைபடத்தைப் பார்த்தபோது புத்தகம் சரி என்று தெரிந்தது. பிறகு, சத்தத்தைச் சரியான அளவில் ஏற்றி இறக்கும் சிறு பெட்டி ஒன்றைச் செய்தேன். அதன் குமிழை ஒரு பல் திருப்பினால் அரை டெசிபெல் கூடும். ஹெட்போன் காதில் என்ன அளவைத் தருகிறது என்று பார்க்க, பேராதனை ஆய்வுகூடத்திலிருந்து ஒலிமானி ஒன்றை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கினேன். எண்பது வரிகள் கொண்ட ஒரு அட்டவணை கீறினேன். முதல் நாள் எழுபத்தைந்து டெசிபெல், அது ஒரு பரபரப்பான வீதி. எண்பதாம் நாள் நூற்றுப் பதினான்கரை. அது என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

மார்ச் மூன்றாம் திகதி தொடங்கினோம், ஞாயிறும் விடுமுறைகளும் தவிர. பகல் இரண்டு மணிக்குக் கடையில் ஆள் வராது. அவர் மாடிக்கு வந்து கதிரையில் சாய்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வார். நான் குமிழை ஒரு பல் திருப்பிவிட்டு, பக்கத்து மேசையில் என் வேலையைப் பார்ப்பேன். முடிந்ததும் அவர் சொல்வதை அட்டவணையில் எழுதுவேன். ஆறாம் நாள்: "இன்னைக்கு நேத்தைவிடத் தெளிவு." பதினான்காம் நாள்: "பிள்ளை, வேலை செய்யுது. வீணை பக்கத்துல வந்து ஒக்காந்த மாதிரி இருக்கு." இருபத்திரண்டாம் நாள்: "தெளிவு." ஒரு நாளும் அவர் சத்தம் என்ற சொல்லைப் பாவிக்கவில்லை. மண்டபத்தில் தன் வாயால் விளக்கியதையே அவர் தன் காதில் அடையாளம் காணவில்லை. என் அறிக்கையை அவர் படித்தது மட்டும்தான், புரிந்துகொள்ளவில்லை என்று அப்போது எனக்கு உறுதியானது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் காதை அளந்து அதையும் எழுதினேன். முதலில் இழப்பு தற்காலிகமானது. இரவு ஓய்வில் திரும்பிவிடும். பிறகு பாதி திரும்பும். பிறகு திரும்பாது. காது குறையக் குறைய அடுத்த நாளின் அரை டெசிபெல் அவருக்கு உறைக்காது. இரண்டும் கைகோத்து நடந்தன. இவ்வளவு ஒழுங்கான ஒரு வளைகோட்டை நான் பல்கலைக்கழகத்தில் ஒரு நாளும் வரையவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள் அவர் படியிலேயே நின்று சொன்னார்.

"எங்க வீட்டச் சுத்தி சில்வண்டு கூடிப்போச்சு பிள்ளை. பகல்லயும் கத்துது. வடிவு ஒண்ணும் கேக்கலைங்குறா. அவளுக்குக் காது போயிருச்சு போல."

சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். காதுக்குள்ளே நரம்பு விழிக்கும்போது அப்படி இருக்கும் என்று சொன்னேன். இது ஒன்றைப் பொய் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

எண்பது நாள் முடிந்தது. ஜூன் கடைசியில் கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுடைய சோதனை என்னுடையதைவிட எளிமையானது. திரைக்குப் பின்னால் வைத்த இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றின் மேல்சுருதித் தட்டைக் கழற்றிவிட்டு, எது என்று கேட்டார்கள். கடைக்கு வெளியே நின்ற கடலைக்காரருக்கே அது தெரிந்திருக்கும். முதலாளி கண்ணை மூடினார். வெகுநேரம் மூடியிருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, திரையை இல்லை, என்னைப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையைத் தேடினார் என்று நினைக்கிறேன். நான் அன்று தேத்தண்ணி ஊற்றவில்லை.

மாஸ்டரும் ஹாஜியாரும் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஹாஜியார் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, "வெளில பஸ் சத்தம், அதுதான்," என்றார். வீதியில் அப்போது பஸ் எதுவும் போகவில்லை.

இப்போது அவருக்கு உயிரெழுத்துகள் கேட்கும், சில மெய்கள் கேட்காது. பேச்சு அவருக்கு ஈரச் சுவருக்கு அப்பாலிருந்து வருகிறது. பேரப்பிள்ளை கூப்பிட்டால் அவருக்குத் திசை தெரியவில்லை என்று வடிவம்மா அழுகிறார். நான் தினமும் அவரோடு இருக்கிறேன், யார் என்ன சொன்னாலும் கொப்பியில் எழுதிக் காட்டுகிறேன். அவர் அதைப் படித்துவிட்டு என் தலையில் கைவைக்கிறார். சோதனை நிலையம் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. கதவில் என் பெயர் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கான பதில் இதுதான். இது நோய் இல்லை, வயதும் இல்லை, ஆலையும் இல்லை. இதைச் செய்தது நான். கசெட், பெட்டி, அட்டவணை மூன்றையும் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். இதைப் பழிவாங்கல் என்று எழுத வேண்டாம். ஒரு மனிதர் எனக்குச் சேர வேண்டிய ஒன்றை எடுத்துக்கொண்டார். திருப்பித் தந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். எண்பது நாளும் அவருக்கு அந்த வழி திறந்தே இருந்தது.

அளந்ததில் ஒன்றை மறைத்தால் மற்றவையும் சந்தேகத்துக்குரியவை ஆகிவிடும். அதனால் முப்பத்துமூன்றாம் நாளையும் எழுதிவிடுகிறேன்.

அது சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன். அவர் மாடிக்கு வந்து உடனே உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். அன்று காலை கொழும்புக் கம்பனிக்குத் தபாலில் போட்ட கடிதத்தின் பிரதி. அறிக்கை முழுவதும் பாலாம்பிகை என்ற பட்டதாரியின் வேலை, தலைப்பில் அவள் பெயரை எடுத்துவிட்டது என் தவறு, பதவியை அவளுக்கே கொடுக்க வேண்டும், நான் விலகிக்கொண்டாலும் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர்கள் அதற்கு ஜூன் சோதனை முடிந்த பிறகுதான் பதில் போட்டார்கள். இன்று கதவில் என் பெயர் இருப்பது அந்தக் கடிதத்தால்தான்.

"அன்னைக்கு ஹோட்டல்ல என் வாய்ல என்ன வந்துச்சுன்னே தெரியல பிள்ளை. மூணு மாசமாத் தூக்கம் இல்ல. வருசம் பொறக்குறதுக்குள்ள செஞ்சுடணும்னு வடிவு சொன்னா. மாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடும்மா."

அந்தக் கிழமை அளவின்படி அவருடைய இழப்பு பன்னிரண்டு டெசிபெல். ஒரு மாதம் ஓய்வு கொடுத்திருந்தால் முழுவதும் திரும்பியிருக்கும்.

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் நான் கேட்க விரும்பியதுதான். "நன்றி முதலாளி," என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து, ஹெட்போனைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். அட்டவணையில் இன்னும் நாற்பத்தெட்டு வரிகள் வெறுமையாக இருந்தன. நான் குமிழை ஒரு பல் திருப்பினேன்.